சவேரியார்துறையின் சமத்துவத் தளம்

சவேரியார்துறை மீன்சந்தையில் குறையே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கூரைத் தகரத்தில் பதினாறு ஓட்டை. தராசு தொங்கவிட்ட வளைமரம் எப்போது யார் தலையில் விழும் என்று தெரியாது. ஆனால் தளத்தை மட்டும், எந்தப் புண்ணியவான் போட்டானோ, கடற்பக்கம் பார்த்துச் சரித்துப் போட்டிருந்தான். விடியற்காலையில் வள்ளங்கள் வந்து மீனைக் கொட்டும். நீக்கிலாப்பிள்ளை நடுவில் நின்று ஏலம் கூறுவார். இருபத்தேழு பெண்கள் அதை எடுத்துக் கழுவி, வெட்டி, விற்பார்கள். கழுவிய தண்ணீர் ஒருவரிடமும் அனுமதி கேளாமல் தன்பாட்டில் கடலுக்குப் போய்விடும். சந்தை என்றால் இவ்வளவுதான்.

சரிவென்றால் மேட்டில் ஒருத்தி, பள்ளத்தில் ஒருத்தி இருக்கத்தானே வேண்டும்? பள்ளத்தில் இருப்பவளின் காலடிக்குத்தான் மற்ற இருபத்தாறு பேரின் செதிலும் குடலும் வந்து சேரும். வாங்க வருகிறவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலாலேயே திரும்பிவிடுவார்கள். அதற்கும் அந்தப் பெண்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முதற்பூசை முடிய, கோயில் வாசலிலேயே ஒரு தகரப் பேணிக்குள் பேர்களை எழுதிப் போட்டுக் குலுக்குவார்கள். போன கிழமை பள்ளத்தில் இருந்தவள் இந்தக் கிழமை சீட்டில்லாமலே மேட்டுக்குப் போவாள். மற்றவர்களுக்குச் சீட்டு விழுகிறபடி. கிழமைக்குக் கிழமை இடம் மாறும். சண்டை வராதா என்றால், வரும். மீன் விலையில் வரும், மச்சாள்மார் விஷயத்தில் வரும். இருக்கிற இடத்தில் மட்டும் வந்ததில்லை.

இந்தச் சந்தையில்தான் கட்டடக் கந்தோரின் கண் விழுந்தது.

கட்டடக் கந்தோர் என்பது அந்த அலுவலகத்துக்குச் சனம் வைத்த பேர். முழுப்பேர் ‘காலத்தின் ஆன்மாவைக் கட்டடத்தில் வடிக்கும் அதிகாரசபை.’ பெயர்ப்பலகை நீண்டு, மதிலைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குள்ளும் கொஞ்சம் போயிருக்கிறது. ஒவ்வொரு காலத்துக்கும் ஓர் ஆன்மா உண்டு, அதைச் சீமெந்தில் பிடித்து வைக்காவிட்டால் அது வீணாய்ப் போய்விடும் என்பது அவர்களுடைய கொள்கை. அபிவிருத்திக் காலத்தில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டினார்கள். நாடு மேலே பாய்கிறது என்று காட்ட அதன் கூரையை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்தார்கள். மழை பெய்தால் சனம் தரிப்பிடத்தை விட்டு ஓடி எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடைக்குள் ஒதுங்கும். பிறகு நல்லிணக்கக் காலம் வந்தது. ஒரு பொது மலசலகூடம் கட்டினார்கள். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று நடுச்சுவரில் ஒரு பெரிய யன்னல். இன்றுவரை அதற்குள் ஒருவரும் காலடி வைத்ததில்லை. பத்து வருடமாகச் சுத்தம் குறையாத பொதுக் கட்டடம் என்று அதற்கு விருது கிடைத்தது.

இப்போது நடப்பது சமத்துவக் காலம். சமத்துவத்தை எதில் வடிக்கலாம் என்று கந்தோர் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் மேர்சி வாயைக் கொடுத்தாள்.

மேர்சிக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சந்தையில் இருக்கிறாள். புருசன் எமில்ராஜ் கடலுக்குப் போகிறவன். அவள் விற்கிற கணவாயும் சுத்தம், சொல்லுகிற விலையும் சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். அந்தக் கிழமை அவளுக்குப் பள்ளத்து முறை. முழங்கால்வரை செதில். அந்த நேரம் பார்த்து, கந்தோரிலிருந்து உதயகலா என்ற வடிவமைப்பு உத்தியோகத்தர் கையில் ஒரு கணினிப் பலகையோடு கேள்வி கேட்க வந்து நின்றாள்.

“அக்கா, பதினாலாவது கேள்வி. உங்கடை தொழிலிடத்திலை சமத்துவமின்மையை உணருறியளோ?”

“ஏன் உணராமல்? காலைப் பாரும் பிள்ளை. மேலை இருக்கிறவையின்ரை ஊத்தைத் தண்ணி முழுக்க என்ரை காலுக்கைதான் வருது.”

அடுத்த கிழமை தானே மேட்டில் போய் இருப்பாள் என்று சொல்லத்தான் மேர்சி வாயெடுத்தாள். அதற்குள் ஒரு ஆள் வந்து கணவாய் என்ன விலை என்று கேட்டான். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். உதயகலாவின் பலகையிலும் பதிலுக்கான பெட்டி நூறு எழுத்தோடு நிரம்பிவிட்டது.

இரண்டு மாதத்தில் ஒரு புத்தகம் வந்தது. வழுவழுப்பான தாள். அட்டையில் மேர்சியின் படம், வாய் திறந்தபடி. உண்மையில் அவள் கணவாய் விலை சொல்லிக்கொண்டிருந்த நேரம் எடுத்த படம் அது. கீழே தலைப்பு: ‘பள்ளத்தின் குரல்.’ உள்ளே, அறுபது பக்கத்துக்கு, மேட்டில் இருக்கும் பெண்கள் பள்ளத்தில் இருக்கும் மேர்சியைத் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கி வருவதைப் பற்றிக் கட்டுரை. ஒடுக்குமுறையின் கருவி, தளத்தின் சரிவு. தீர்வு, பழைய சந்தையை இடித்துவிட்டுப் புதியது கட்டுவது.

“எடியே மேர்சி!” சின்னத்தங்கம் புத்தகத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சந்தையிலேயே மூத்தவள் அவள்தான். “நாங்கள் உன்னைத் தலைமுறையாய் ஒடுக்கிறமாமெல்லே! அந்தக் கிழமை உனக்கு மேலை இருந்தது ஆர்? நான். என்னை என்னவெண்டு எழுதியிருக்கு தெரியுமோ? ‘மேட்டு ஆதிக்கம்.’ முழங்கால் வாதத்தோடை இருந்து சூடை மீன் விக்கிறவள் ஆதிக்கமோடி?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா. என்ரை முறை எண்டுதான்...”

“தவளை தன்ரை வாயாலை கெட்டுது. நீ கெட்டதுமில்லாமல் எங்களையும் சேர்த்தெல்லே கெடுத்துப்போட்டாய்.”

மேர்சிக்கு அது நெஞ்சில் குத்தியது. சொன்னது அவள்தான்; அதை இல்லையென்று சொல்ல முடியாது. இதை நானே போய்ச் சரிப்பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு, நல்ல சேலையொன்றை உடுத்திக்கொண்டு அடுத்த நாளே கந்தோருக்குப் போனாள்.

கந்தோரில் சமத்துவப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. லிப்ட் ஒன்று இருந்தது. அதில் ‘பணிப்பாளருக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. மேர்சி படியேறினாள். மேலே ஒரு வட்டமேசை. தலைமாடு கால்மாடு இல்லாதபடி வட்டமாகச் செய்தது என்று ஒருவர் விளங்கப்படுத்தினார். மேசையைச் சுற்றிப் பதினொரு பிளாஸ்டிக் கதிரை. பன்னிரண்டாவது கதிரைக்கு மட்டும் தோல் மெத்தையும், சாய்மானமும், கீழே உருளும் சில்லும் இருந்தன. அதில் பணிப்பாளர் கலாநிதி குகதாசன் இருந்தார்.

“வாருங்கள், பள்ளத்தின் குரலே!” என்று அவர் இருகை கூப்பினார். மேசையின் நடுவில் வெள்ளை அட்டையில் செய்த சந்தையின் மாதிரி. வட்டமான மண்டபம். “தூண்கள் சமம். இருக்கைகள் சமம். எல்லாவற்றுக்கும் மேலாக, தளம். லேசர் கருவி வைத்து ஒரு மயிரிழை மேடு பள்ளம் இல்லாமல் மட்டம் பார்க்கப் போகிறோம். சமத்துவத்துக்கு ஓர் எல்லை வேண்டாமா? அதற்காகச் சுற்றிவர அரையடி உயரத்தில் ஒரு கட்டு. இனி ஒருவருடைய அழுக்கு இன்னொருவரிடம் போகாது!”

மேர்சி மாதிரியை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். குனிந்து தளத்தின் மட்டத்துக்குக் கண்ணை வைத்தும் பார்த்தாள்.

“ஐயா, தண்ணி எங்காலை போகும்?”

பத்துப் பிளாஸ்டிக் கதிரையும் தோல் கதிரையைப் பார்த்தன. பதினோராவதில் இருந்த உதயகலா மட்டும் மேசையைப் பார்த்தாள்.

“அம்மா,” என்றார் பணிப்பாளர், மிகுந்த பரிவோடு. “அது போன யுகத்தின் கேள்வி. தண்ணீர் ஏன் போக வேண்டும்? மேலிருந்து கீழே போவது என்பதே ஓர் அதிகார உறவு. நாங்கள் தண்ணீரையும் விடுதலை செய்கிறோம்.”

“விடுதலை செய்தால் அது எங்கையாவது போகவேணுமெல்லே ஐயா? மீன் கழுவுற தண்ணி. நாளுக்கு இருநூறு வாளி வரும்.”

“எதிர்கால மீனைக் கழுவ வேண்டியிராது.”

“எதிர்கால மீனை ஆர் பிடிக்கப் போகினம்? என்ரை மனிசன் பிடிக்கிற மீன் செதிலோடைதான் வருது.”

பணிப்பாளர் சிரித்தார். “அம்மா, நான் சைவம். பிறந்ததிலிருந்து மச்சம் தொட்டதில்லை, மீன்சந்தைக்குள் போனதும் இல்லை. ஆகவேதான் இந்த விடயத்தில் என்னால் பக்கச்சார்பு இல்லாமல் சிந்திக்க முடிகிறது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். உங்களுக்கு மீன்தான் தெரியும். எனக்குச் சந்தை தெரிகிறது.”

சீட்டுக் குலுக்குவதைப் பற்றியும் மேர்சி சொல்லிப் பார்த்தாள். பணிப்பாளர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், “பாருங்கள், ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் ஒடுக்குமுறையைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்கிறார்கள். இதைப் பின்னிணைப்பில் சேருங்கள்” என்றார். புதிய சந்தையில் ஆளுக்கொரு இலக்கமிட்ட நிரந்தர இருக்கை. எல்லா இடமும் ஒன்றுதான் என்றான பிறகு மாறுவானேன்?

மேர்சி விடவில்லை. வீட்டுக்கு வந்து, தன் கேள்வியைக் கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஏழு கிழமை கழித்துப் பதில் வந்தது. தங்கள் கடிதம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. அதில் ‘தண்ணீர்’ என்ற பகுதி நீர்வழங்கல் பிரிவுக்கும், ‘போகும்’ என்ற பகுதி போக்குவரத்துப் பிரிவுக்கும் அனுப்பப்பட்டுள்ளது. போக்குவரத்துப் பிரிவிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. சம்பந்தப்பட்ட தண்ணீருக்கு வாகன அனுமதிப்பத்திரம் உண்டா என்று அதில் கேட்டிருந்தார்கள்.

இதற்கிடையில் பழைய சந்தைக்குப் பக்கத்திலேயே கட்டடம் எழும்பிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க வடிவுதான். கூரை ஒழுகாது. தூண்கள் வெள்ளை வெளேரென்று நின்றன. தளத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது வைத்த இடத்திலேயே நிற்கும். பணிப்பாளர் வருகிற விருந்தினருக்கெல்லாம் கோலிக்குண்டு வைத்துக் காட்டினார். அவர்களும் கைதட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்திய கிழமை ஒத்திகை. மீன் நாறும், படத்துக்கு ஆகாது என்று கந்தோரே பிளாஸ்டிக் மீன் இறக்கியிருந்தது. இருபத்தேழு பெண்களுக்கும் வெள்ளைச் சேலை. சுவரில் ஒரு பலகை: ‘குரலை உயர்த்துவது ஆதிக்கத்தின் அடையாளம்.’ நீக்கிலாப்பிள்ளையின் குரல் காற்று வளமாக இருந்தால் நெடுந்தூரத்தில் கடலுக்குள் களங்கண்டி வலை கட்டுகிறவனுக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட மனிதனை இரகசியக் குரலில் ஏலம் கூறச் சொன்னார்கள்.

“பாரை... ஒரு குவியல்... ஆயிரம்...” என்று அவர் பாவசங்கீர்த்தனம் செய்பவர் மாதிரி முணுமுணுத்தார்.

“என்ன அண்ணை? கேக்கேல்லை!”

“கேட்டால் ஆதிக்கமாம். கிட்ட வா.”

எல்லாரும் கிட்ட வந்து குனிந்ததில் சின்னத்தங்கத்தின் தலையும் இன்னொருத்தியின் தலையும் முட்டிக்கொண்டன. பணிப்பாளர் ஒரு பக்கத்தில் நின்று, காலத்தின் ஆன்மா இறங்கி வருவதைக் கண்ணை மூடி உணர்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நீக்கிலாப்பிள்ளைக்கு முப்பது வருடப் பழக்கம். தலை ஆடினால் அது ஏலக் கேள்வி. ஆட ஆட அவரும் விலையை ஏற்றினார். கடைசியில், “பதினாலாயிரம். ஐயாவுக்கு முடிஞ்சுது” என்று பிளாஸ்டிக் பாரைக் குவியலைப் பணிப்பாளரின் காலடிக்குத் தள்ளினார். ஒத்திகை அறிக்கையில் பிறகு இப்படி எழுதப்பட்டது: ‘பிறவிச் சைவரையும் மீன் வாங்கத் தூண்டும் ஆற்றல் இக்கட்டடத்துக்கு இருப்பது நிரூபணமாயிற்று.’

ஒத்திகை முடிய, பணிப்பாளர் ஒரு படிவத்தை மேர்சியிடம் நீட்டினார். ‘பயனாளரின் மனப்பூர்வமான சம்மதம்.’ பள்ளத்தின் குரல் விழாவில் அதில் கையெழுத்து வைத்தால்தான் கட்டடத்தைக் கையளிக்கலாம் என்பது காசு தந்தவர்களின் நிபந்தனை. கையெழுத்து வைத்த அடுத்த நாளே பழைய சந்தை தரைமட்டமாகும். அதில் வாகனத் தரிப்பிடம் வரும்.

“நான் வைக்காட்டில்?”

“பழைய சந்தை சமத்துவத்துக்கு ஒவ்வாத கட்டடம் என்று ஏற்கனவே அறிவித்தாயிற்று. அது எப்படியும் மூடப்படும். தெருவில் இருந்து விற்பது சட்டவிரோதம். ஆனால் உங்களை நாங்கள் வற்புறுத்தவில்லை. சம்மதம் மனப்பூர்வமாக இருக்க வேண்டும்.”

வைத்தால் புழுத்த தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சந்தைக்கு ஒரு கிழமையில் சனம் வராது. வைக்காவிட்டால் இருக்கவே இடமில்லை. இருபத்தேழு வீட்டின் உலை அந்தக் கையெழுத்தில் வந்து நின்றது. அன்றைக்கு ஒருத்தியும் மேர்சியோடு கதைக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் உதயகலா தனியாக வந்தாள். மேர்சி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள்.

“அக்கா, நான் முதல் கீறின வரைபடத்திலை கடற்பக்கம் நாலங்குலச் சரிவு இருந்தது. மூண்டு தரம் கீறினனான். மூண்டு தரமும் அழிக்கச் சொன்னார்.”

“ஆர் அழிச்சது?”

“நான்தான்.”

“அண்டைக்கு நான் கேக்கேக்கை வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமெல்லே பிள்ளை?”

“அந்த மேசையிலை ஆரும் அவருக்கு மறுத்துக் கதைக்கிறேல்லை அக்கா. ஏழு வருசமாய் இருக்கிறன். ஒருநாளும் கண்டதில்லை.”

மேர்சிக்குக் கோபமும் வந்தது, பாவமாயும் இருந்தது. “நான் காலுக்கைதான் தண்ணியோடை இருக்கிறன். நீர் கழுத்துமட்டும் நிக்கிறீர். சரி, இதைச் சொல்லும். இப்ப அந்தத் தண்ணியை வெளியாலை விடுறதெண்டால் எவடத்தாலை விடவேணும்?”

“கடற்பக்கத்து அரையடிக் கட்டை உடைக்கவேணும். வடகிழக்குத் தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவிலை. அதுக்கை கம்பி இல்லை, வெறும் கல்லும் சீமெந்தும்தான். பிறகு மேசனைப் பிடிச்சு மேலாலை சரிவு பூசினால் சரி.” சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டுப் பயந்தவள்போல விறுவிறென்று போய்விட்டாள்.

மேர்சி நேரே சின்னத்தங்கத்திடம் போனாள். இரண்டு பேரும் கதைத்தார்கள். பிறகு சின்னத்தங்கம் மற்றவர்களிடம் போனாள்.

விழா நாள் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு செயலாளர் பிரதம விருந்தினராக வந்திருந்தார். பாண்ட் வாத்தியம், குத்துவிளக்கு, சிவப்புக் கம்பளம். விருந்தினரும் பேச்சாளரும் சனமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று மேடைகூடக் கட்டவில்லை. எல்லாக் கதிரையும் தளத்திலேயே. வாசலில் மரம் நடுவதற்கு ஒரு மாங்கன்று, மண்வெட்டி, நாடா கட்டி நீலப் பூச்சுப் பூசிய, குழி தோண்டும் இரும்பு அலவாங்கு ஒன்று. விழா நாளில் மீன் கொண்டு வரக்கூடாது என்று முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கென்று பார்த்துச் சூடை பட்டிருந்தது. வள்ளம் வள்ளமாகப் பட்டிருந்தது.

பணிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். “இந்தக் கட்டடத்தை மக்கள்தான் வடிவமைத்தார்கள். நாங்கள் அவர்களைக் கேட்டோம். அவர்கள் சொல்லாததையும் சேர்த்துக் கேட்டோம். கேள்வி கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆகையால் பதில் சொல்லும் பொறுப்பு எந்தத் தனிமனிதருக்கும் கிடையாது. இதுவே சமத்துவம்! வருங்காலத் தலைமுறை இந்தத் தளத்தில் நின்று எங்களை நினைக்கும்...”

அந்த நேரம்தான் வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் மீன் நிறைந்த ஓலைக் கடகத்தோடு இருபத்தேழு பேரும் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. இலக்கம் பார்த்து அவரவர் இருக்கையில் போய் இருந்தார்கள். சூடையைத் தளத்தில் கொட்டினார்கள். பின்னால் எமில்ராஜும் வள்ளக்காரரும் கடல்தண்ணி வாளிகளைக் கொண்டு வந்து வைக்க வைக்க, கழுவத் தொடங்கினார்கள். ஐம்பது வாளி. நூறு வாளி. தடுக்கப் போன காவலாளியிடம் சின்னத்தங்கம், “சந்தையைத் திறக்கிறியளெண்டால் நாங்கள் விக்க வேண்டாமே? நில் தம்பி, உனக்கும் ஒரு கூறு தாறன்” என்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, லேசர் பார்த்த தளம் தன் வாக்கைக் காப்பாற்றியது. ஒரு பக்கமும் சாயாமல், பெரியவர் சிறியவர் பாராமல், ரத்தமும் செதிலும் கலந்த அந்தத் தண்ணீர் எல்லாரிடமும் சமமாகப் போனது. பாண்ட்காரரின் காலுக்கும் போனது, கம்பளத்துக்கும் போனது, செயலாளரின் பளபளக்கும் சப்பாத்துக்குள்ளும் போனது. செயலாளர் ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றக் காலைத் தூக்கினார். இரண்டையும் சேர்த்துத் தூக்க முடியாமல் கதிரையில் ஏறி நின்றார்.

“இது என்ன?” என்று கேட்டார்.

“இது... பயனாளர் பங்கேற்பு” என்றார் பணிப்பாளர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “தற்காலிகமானது. தண்ணீர் இப்போது தியான நிலையில் இருக்கிறது.”

அவசரமாகப் படிவத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு மேர்சியிடம் வந்தார். “அம்மா, வையுங்கள் கையெழுத்தை. எல்லாவற்றையும் பிறகு கதைப்போம்.”

மேர்சி எழும்பினாள். ஒலிவாங்கி தேவைப்படவில்லை.

“ஐயா, உந்தப் புத்தகத்திலை என்ரை குரலெண்டு போட்டிருக்கிறியள். என்ரை குரல் உது இல்லை. இதுதான். நான் பள்ளத்திலை இருந்தனான், உண்மை. ஆனால் அந்தக் கிழமை மட்டும். அடுத்த கிழமை மேட்டிலை இருந்தனான். அதைச் சொல்ல நான் உங்கடை மூண்டு மாடி ஏறி வந்தனான், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தியள். தண்ணி எங்காலை போகுமெண்டு கேட்டனான். எட்டு மாதம். ஒருத்தரும் சொல்லேல்லை. இப்ப உங்கடை காலுக்கை வந்து நிக்குது, பாருங்கோ.”

“கையெழுத்து வைக்காவிட்டால் இந்தக் கட்டடம் உங்களுக்கு இல்லை!”

“ஆருக்கெண்டு கட்டினது? எங்கடை படத்தைக் காட்டித்தானே காசு வாங்கினியள்? எங்களுக்குக் கூரை வேணும், தூண் வேணும். தண்ணி மட்டும் வேண்டாம்.”

விறுவிறென்று வாசலுக்குப் போனாள். மாங்கன்றுக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருந்த அலவாங்கைப் பிடுங்கினாள். நாடாவை அவிழ்க்கவில்லை, அதற்கு நேரம் இல்லை. வடகிழக்குத் தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“அது காலத்தின் ஆன்மா!” என்று பணிப்பாளர் கத்தினார். சுவர்ப் பலகையின்படி அப்படிக் கத்துவது ஆதிக்கத்தின் அடையாளம்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ ஐயா. கல்லுச் சில்லுத் தெறிக்கும்.”

முதல் குத்தில் வெள்ளைப் பூச்சு பெயர்ந்தது. மூன்றாம் குத்தில் கல் அசைந்தது. எமில்ராஜ் கைகொடுக்க வந்தான். “நான் உண்டாக்கினது, நானே உடைக்கிறன்” என்று விலக்கினாள். ஏழாம் குத்தில் கட்டு உடைந்தது. தேங்கி நின்ற தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த வாயைக் கண்டு, சளசளவென்று கடற்பக்கம் இறங்கியது. நீக்கிலாப்பிள்ளைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “சூடை ஒரு குவியல்! ஆயிரத்து இருநூறு!” என்று முழங்கினார். செயலாளர் கதிரையில் நின்றபடியே காதைப் பொத்தினார்.

மேர்சி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இப்ப கொண்டாங்கோ படிவத்தை.”

பணிப்பாளர் நீட்டினார், அவர் நீட்டினாரா, கை தானாக நீண்டதா என்று சொல்ல முடியாது. ‘பயனாளரின் கருத்து’ என்ற இடத்தில் மேர்சி எழுதினாள்: ‘தளம் எங்களால் திருத்தப்பட்டது. சரிவு பூசி முடியும்வரை பழைய சந்தையில் ஒருவரும் கைவைக்கக் கூடாது.’ கீழே கையெழுத்து வைத்தாள். பிறகு பேனையைச் சின்னத்தங்கத்திடம் கொடுத்தாள். அவள் அடுத்தவளிடம் கொடுத்தாள். ஒரு கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் இருபத்தேழு கையெழுத்து விழுந்தது. படிவம் முழுக்கச் செதில்.

பணிப்பாளர் ஈரச் சப்பாத்தோடு நின்றார். “மறுபடியும் மேட்டையும் பள்ளத்தையும் கொண்டு வந்துவிட்டீர்கள்,” என்றார். அழுவதுபோல இருந்தது. “சொல்லுங்கள், பள்ளத்தில் யார் இருப்பது?”

“அதுக்கு எங்களிட்டைச் சீட்டு இருக்கு ஐயா, ஞாயிற்றுக்கிழமை குலுக்குவம்” என்றாள் மேர்சி. “உங்கடை மூண்டாம் மாடிக் கதிரைக்கு எப்ப குலுக்கிறியள்?”

பணிப்பாளருக்குப் பின்னால், உதயகலாவோடு சேர்த்துப் பதினொரு கந்தோர் உத்தியோகத்தரும் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். ஒருவரும் அவருக்காகப் பேச வரவில்லை. அந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்லப் போகிறார் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.